கிணறும் வாயிலும் வடமும்: ஈழத்துப் புனைகதையில் சமாதானத்தின் பொருள்

அமைதி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. பொருந்தியிருத்தல் ஒன்று, அடங்கியிருத்தல் மற்றொன்று. அமைதல் என்னும் வினையினுள்ளேயே இவ்விரண்டும் தொக்கு நிற்கின்றன. ஆகவே, ஒரு கிராமம் அமைதியாக இருந்தது என்று ஒருவர் கூறுவாராயின், அங்கு வாழ்ந்தோர் ஒருவரோடொருவர் பொருந்தியிருந்தனரா, அன்றி ஒரு பகுதியினர் அடங்கியிருந்தனரா என்று வினவுதல் இன்றியமையாததாகின்றது. அவ்வாறு வினவாது சமாதானத்தைப் பற்றிப் பேசுவது, பெரும்பாலும் அடங்கியிருந்தோரின் மௌனத்தைச் சமாதானம் எனக் கணக்கிடுவதிலேயே முடிகின்றது.

2009 மே மாதத்தில் ஆயுதப் போர் முடிவுற்ற பின்னர், நிலையான சமாதானம், நல்லிணக்கம், சமூக உள்வாங்கல் முதலிய தொடர்கள் நமது நாட்டில் ஆணைக்குழு அறிக்கைகளிலும் கருத்தரங்கு மேடைகளிலும் மிகுதியாக வழங்கி வருகின்றன. நோர்வே நாட்டுச் சமாதான ஆய்வாளர் யோகான் கல்துங் 1969 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், நேரடி வன்முறை இல்லாதிருத்தலை எதிர்மறைச் சமாதானம் என்றும், சமூக அமைப்பினுள் உறைந்து கிடக்கும் அநீதி நீங்கிய நிலையை நேர்மறைச் சமாதானம் என்றும் வேறுபடுத்திக் காட்டினார். இவ்வேறுபாட்டைக் கோட்பாடாகக் கூறாது, கதையாகவும் நாவலாகவும் நாடகமாகவும் நிகழ்த்திக் காட்டியோர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே இருந்தனர். அவர்களது ஆக்கங்களைச் சாதி எதிர்ப்பு இலக்கியம் என்ற பெயரில் ஓர் அறைக்குள் ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவற்றைச் சமாதானம் பற்றிய இலக்கியமாகப் படிக்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

நிலவொளியும் வீட்டு வாயிலும்

என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ ஈழத்துச் சிறுகதை வரலாற்றில் அடிக்கடி எடுத்துக்கூறப்படும் கதை. அதன் பெயரையே தாங்கிய தொகுதி 1962 இல் வெளிவந்தது. கதை மிகச் சிறியது. மதுவிலக்குப் பணியில் ஈடுபட்டுப் பெயர்பெற்ற உயர்சாதிப் பிரமுகர் ஒருவரைக் காண ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர் சிலர் அவர் வீட்டுக்கு வருகின்றனர். அவர்களை உள்ளே அழைத்து இருக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெளிப்படையாக மறுக்கவும் இயலவில்லை. நல்ல நிலவு காய்கின்றது, வெளியே சென்று பேசுவோம் என்று அவர்களை அழைத்துச் செல்கின்றார்.

இக்கதையில் வசை இல்லை, அடி இல்லை, கண்ணீரும் இல்லை. கதைமாந்தர் அனைவரும் மரியாதையாகவே நடந்துகொள்கின்றனர். நடப்பனவற்றைத் தூரத்திலிருந்து காணும் ஒருவர், இரு சாதியினரும் நிலவொளியில் அமர்ந்து உரையாடும் காட்சியைச் சமூக ஒற்றுமையின் சான்றாகவே கொள்ளக்கூடும். ஒற்றுமையின் தோற்றத்தையே விலக்கலின் கருவியாக ஆக்கியிருப்பது இக்கதையின் சிறப்பு. அப்பிரமுகர் தீயவரல்லர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவர் அவ்விளைஞர்களைத் தமது இயக்கத்தில் சேர்த்துக்கொள்வார். தமது வீட்டில் சேர்த்துக்கொள்ளமாட்டார்.

உள்வாங்கல் என்று இன்று நாம் வழங்கும் சொல்லின் குறைபாடும் இவ்விடத்தே புலனாகின்றது. உள்வாங்குபவர் ஒருவர், உள்வாங்கப்படுபவர் ஒருவர் என்ற பகுப்பு அச்சொல்லினுள்ளேயே அடங்கியுள்ளது. வீட்டுக்காரரின் உரிமையை அது கேள்விக்கு உட்படுத்துவதில்லை. அவரது தயவை மாத்திரமே வேண்டி நிற்கின்றது. எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எந்த ஒளியில் பேசுவது என்பதையெல்லாம் வீட்டுக்காரரே தீர்மானிக்கும்வரை அங்கு நிகழ்வது உபசாரமேயன்றிச் சமத்துவமாகாது.

சட்டம் திறந்த கதவு

இவ்விலக்கியங்கள் தோன்றிய சூழலைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் வேண்டும். ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கற் பாறையின் கீழுள்ள நிலத்தடி நீரே உயிர்நீர். கிணறு நிலத்தோடு சேர்ந்தது. நிலம் சாதியோடு சேர்ந்தது. காணியற்றவருக்குக் கிணறில்லை. எனவே ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்கள் பிறர் கிணற்றடியிலே குடத்தோடு காத்து நின்று, உரியவர் அள்ளி ஊற்றுவதைப் பெற்றுச் செல்லும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. டொமினிக் ஜீவா 1960 இல் வெளியிட்டுச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற சிறுகதைத் தொகுதிக்குத் ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்று பெயரிட்டமையும், கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் ‘தண்ணீர்’ என்று பெயரிட்டமையும் தற்செயலானவை அல்ல.

பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை ஏனையோருடன் சமமாக ஆசனத்தில் இருத்தவேண்டும் என்ற கோரிக்கை 1920 களின் இறுதியில் வலுப்பெற்றது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அதற்கு ஆதரவு நல்கியது. அதற்கு எதிர்ப்பாகப் பள்ளிக்கூடங்கள் சில தீக்கிரையாக்கப்பட்டன. 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், சாதி காரணமாகப் பொது இடங்களிலும் வழிபாட்டிடங்களிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. இதற்கு முந்திய ஆண்டிலேதான், 1956 இன் 33 ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கியது. அரசின் வாயிலில் நின்று நீதி கேட்ட அதே சமூகத்தினுள், கோயில் வாயிலில் நின்று நீதி கேட்டோரும் இருந்தனர் என்ற உண்மையை இவ்விரு சட்டங்களும் அடுத்தடுத்து நின்று உணர்த்துகின்றன. முதலாவது அநீதியைப் பற்றி நாம் எழுதிய பக்கங்கள் பல. இரண்டாவதைப் பற்றி எழுதியவை சிலவே.

சட்டம் வந்தது, கதவு திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தாக்குதலுக்கு உள்ளானது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. தேநீர்க் கடைகளிலும் ஆலயங்களிலும் நுழைவுப் போராட்டங்கள் நிகழ்ந்தன; சிலர் உயிரும் இழந்தனர். 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நிகழ்ந்த போராட்டம் நாடறிந்தது. முன்னாள் அமைச்சரும் கணித அறிஞருமான சி. சுந்தரலிங்கம் உட்செல்ல முயன்றோரைத் தடுத்து நின்றார். 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தமிழரின் அரசியல் உரிமைக்காக உரத்துக் குரல் கொடுத்தவர் ஒருவரே அவ்வாயிலை மறித்து நின்றமை, தனிமனிதர் ஒருவரின் முரண்பாடாக மட்டும் கருதப்படற்பாலதன்று. ஒரு சமூகத்தின் முரண்பாடு அவ்விடத்தே மனித உருக்கொண்டு நின்றது எனலாம்.

இப்போராட்டத்தை அடியொட்டி ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’ நாடகத்தை அம்பலத்தாடிகள் குழுவினர் காத்தவராயன் கூத்துப் பாங்கில் மேடையேற்றினர். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் கதையை, மக்கள் தமது வீதிகளிலும் வெளிகளிலும் ஆடிவந்த கூத்தின் மெட்டிலே கூறியமை பொருத்தமான தெரிவாகும். உட்செல்ல மறுக்கப்பட்டோர் கலை மரபற்றோர் அல்லர் என்பதை அவ்வடிவமே நிறுவிற்று.

‘பஞ்சமர்’: கூட்டத்தின் நாவல்

1986 இல் தஞ்சாவூரில் மறைந்த கே. டானியல், வெகுஜன இயக்கத்தில் முன்னின்று உழைத்தவர். ‘பஞ்சமர்’ நாவல் 1972 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட சாதியினர் ஐவரையும் ஒருசேரக் குறிக்கும் அப்பெயரையே அவர் தலைப்பாகக் கொண்டார். பிறர் இழிவாக வழங்கிய பெயரை நூலின் முகப்பில் நிமிர்ந்து நிற்கச் செய்தது அத்தலைப்பு.

இந்நாவலின் குறைகளாகச் சுட்டப்படுவனவற்றை மறைத்தல் திறனாய்வுக்கு அழகன்று. பாத்திரங்கள் மிகப் பல. வாசகர் அவர்களை நினைவில் இருத்தத் திணறுகின்றனர். நிகழ்ச்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஆசிரியரின் அரசியல் முடிவு கதையின் முடிவை முந்திக்கொண்டு வந்து நிற்கும் இடங்களும் உண்டு. ஒரு மனிதனின் அகத்தினுள் இறங்கி அவனது ஐயங்களையும் தடுமாற்றங்களையும் காணும் பொறுமை இந்நாவலில் அரிதாகவே தென்படுகின்றது. இவையாவும் மெய்யே.

ஆயினும் பாத்திரப் பெருக்கத்தைக் குறையென மாத்திரம் தள்ளிவிட இயலாது. ஒரு தனிவீரனின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் கூறும் நாவல் வடிவத்துக்கு, கூட்டாக விலக்கப்பட்டோரின் வாழ்க்கை எளிதில் அடங்குவதில்லை. ஒருவன் மட்டும் படித்து முன்னேறி உள்ளே சென்றுவிடுவானாயின் வாயில் அப்படியே இருக்கும். வெளியே நிற்போர் தொகை ஒன்று குறையும். டானியல் அத்தகைய முடிவை நாடவில்லை. கூட்டமாக வெளியே நின்றோர் கூட்டமாகவே வாயிலைத் திறக்கும் கதையை எழுத முனைந்தார். நாவலின் நெரிசல் அதன் உள்ளடக்கத்தோடு தொடர்புடையது.

இந்நாவலில் உயர்சாதியிற் பிறந்து ஒடுக்கப்பட்டோரின் பக்கம் வந்து சேர்வோரும் இடம்பெறுகின்றனர் என்பது அடுத்துக் கருதத்தக்கது. அவர்கள் தயவு காட்ட வந்தவர்களல்லர். தாமும் இழக்க வேண்டியவற்றை இழக்கச் சித்தமாக வந்தவர்கள். ரகுநாதனின் பிரமுகரோடு இவர்களை ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு தெளிவாகும். அவர் எதையும் இழக்காது நல்லவராயிருக்க விரும்பினார். சமாதானத்துக்கு விலை உண்டு. அவ்விலையை இதுவரை அடங்கியிருந்தோரே செலுத்தி வந்துள்ளனர். இனி அடக்கியிருந்தோரும் செலுத்தவேண்டும் என்பதே ‘பஞ்சமர்’ உணர்த்தும் செய்தியெனக் கொள்ளலாம்.

மொழியின் வாயில்

இலக்கியத்திற்கும் ஒரு வாயில் இருந்தது. 1960 களின் தொடக்கத்தில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தில், பேச்சு வழக்கைப் படைப்பிற் கையாண்ட முற்போக்கு எழுத்தாளரின் நடை இழிசனர் வழக்கு என்று பழிக்கப்பட்டது. இவ்விவாதத்தை நடை பற்றிய பிணக்காக மட்டும் காண்பது போதாது. எவருடைய பேச்சு ஏட்டில் ஏறலாம் என்ற வினா, எவர் கிணற்றில் அள்ளலாம் என்ற வினாவிலிருந்து மிகவும் வேறுபட்டதன்று. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இவ்வெழுத்தாளரின் பக்கம் நின்று வாதிட்டமையாலேயே, அவ்வழக்கு இன்று நமது பாடநூல்களிலும் இடம்பெறும் நிலை உருவாயிற்று. யாழ்ப்பாண நகரில் சிகையலங்கரிப்பு நிலையம் நடத்தியவரான டொமினிக் ஜீவா 1966 இல் தொடங்கிய ‘மல்லிகை’ சஞ்சிகை, பல்கலைக்கழகப் பேராசிரியரும் புதிதாக எழுதவந்த இளைஞரும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் களமாயிற்று. அவ்வாறான களமொன்றை நிறுவியவர், காலங்காலமாகக் களத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்தவர். தமக்குக் கதவு திறக்குமாறு வேண்டியவர் மாத்திரமல்லர் அவர். பிறருக்கும் கதவு திறந்து வைத்தவர்.

‘இப்போது வேண்டாம்’ என்னும் வாதம்

இத்தகைய எழுத்துகளுக்கு எதிராக அன்றும் இன்றும் கூறப்படும் வாதம் ஒன்றுண்டு. பேரினவாத ஒடுக்குமுறை வெளியே நிற்கும்போது உள்முரண்பாடுகளைப் பேசுவது ஒற்றுமையைக் குலைக்கும். அடங்கிக் கிடக்கும் பகைமைகளைக் கிளறும். ஆகவே அதனைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்பது அவ்வாதம். இதனை எடுத்தெறிந்து பேசுதல் தகாது. ஒடுக்கப்படும் ஓரினத்துக்கு ஒற்றுமை உயிர்நாடி என்பது மறுக்கத்தக்கதன்று. 1983 இன் பின்னர் இவ்வாதம் ஏறத்தாழ எழுதாச் சட்டமாகவே ஆயிற்று. போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் ஆதிக்கம் நிலவிய பகுதிகளில் சாதிப் பாகுபாட்டின் வெளிப்படையான வடிவங்கள் அடக்கப்பட்டன. சாதி பற்றிய திறந்த உரையாடலும் அதனுடன் அடங்கிப் போயிற்று.

அடக்கப்பட்டது நீங்கியதாகாது. போர் முடிந்து ஆண்டுகள் பல கழிந்த பின்னரும் வலிகாமத்து நலன்புரி நிலையங்களில் எஞ்சியிருந்தோருள், காணியற்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தினரே பெரும்பான்மையர் என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். காணியுள்ளவர் மீளக் குடியேறினர், அல்லது வேறிடத்தில் வாங்கிக் குடியேறினர். காணியற்றவருக்கு மீள்வதற்கு ஓர் இடமில்லை. இடம்பெயர்வு எல்லோருக்கும் பொதுவான துன்பமாயிருந்தது. மீள்குடியேற்றம் எல்லோருக்கும் பொதுவான நன்மையாகவில்லை. ‘பின்னர் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாக்குறுதியின் பின்னர் என்பது வந்து சேர்ந்தபோது, அவ்வாக்குறுதியை நினைவில் வைத்திருந்தோர் சிலரே.

விலக்கல் என்னும் பழக்கம் ஒரு வாயிலோடு நிற்பதுமில்லை. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் தமது வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக அயலவராய் வாழ்ந்தோர் வெளியேறியபோது நம்மிடையே எழுந்த எதிர்ப்புக் குரல்கள் மிகச் சிலவே. அச்சம் அதற்கு ஒரு காரணம். ஆயினும், யார் உள்ளே இருக்கத் தக்கவர் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தமக்குண்டு என்று நெடுங்காலம் நம்பிப் பழகிய ஒரு சமூகத்துக்கு, அவ்வெளியேற்றம் முற்றிலும் அந்நியமான செயலாகத் தோன்றாது போயிற்றோ என்ற ஐயமும் எழுகின்றது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மலையக மக்கள், பின்னாளில் கலவரங்களுக்கு அஞ்சி வன்னிக்கு வந்து குடியேறியபோது அவர்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணற்குரியது.

கருவறையை நோக்கிய கருணை

தெணியானின் ‘பொற்சிறையில் வாடும் புனிதர்கள்’ 1989 இல் வெளிவந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்து, வடமராட்சியிலிருந்து எழுதிய தெணியான், இந்நாவலில் தேர்ந்துகொண்டது பிராமண அர்ச்சகர்களின் வாழ்வை. சாதி அடுக்கில் உச்சியில் இருப்போராகக் கருதப்படும் அவர்கள், கோயிலை ஆளும் நிலவுடைமையாளரின் சம்பளக்காரராக, ஆசாரத்தின் கைதிகளாக வாழ்வதை அவர் பரிவோடு நோக்கினார். தலைப்பே நாவலின் நோக்கைக் கூறிவிடுகின்றது. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், உள்ளே பூட்டப்பட்ட ஒருவரின் துயரைக் காண்கின்றார்.

இப்பார்வை டானியலின் போர்க்குணத்துக்கு மாறானது என்று சிலர் கருதலாம். அவ்வாறன்று; அதன் விளைவென்றே அதனைக் கொள்ளவேண்டும். வாயிலில் அடிபட்டு நிற்கும்போது, உள்ளே இருப்பவரின் துயரை எண்ணிப் பார்க்குமாறு ஒருவரைக் கேட்பது கொடுமை. போராட்டம் தன்மதிப்பை ஈட்டித் தந்த பின்னரே அத்தகைய பரிவு இயல்பாகப் பிறக்கின்றது. மன்னிப்பும் இணக்கமும் வலியோர் எளியோரிடம் கேட்டுப் பெறும் வரிகளல்ல. நீதியின் ஒரு பகுதியேனும் கிடைத்த பின்னர் எளியோர் தாமாக வழங்கும் கொடைகள் அவை. ரகுநாதனில் தொடங்கி டானியல் வழியாகத் தெணியானை வந்தடையும் இவ்வரிசையில், போலி ஒற்றுமையை இனங்காணல், உரிமைக்காக எழுதல், எதிரில் இருப்பவரையும் மனிதராகக் காணல் என மூன்று படிகள் உள்ளன. நடுப்படியைத் தாண்டிக் குதித்து மூன்றாவதை எய்த விரும்புவோரே இன்று நல்லிணக்கம் பற்றி மிகுதியாகப் பேசுகின்றனர்.

2018 ஆம் ஆண்டு தென்மராட்சியில் வரணிப் பகுதியிலுள்ள ஆலயமொன்றில், தேரை மண் அகழும் இயந்திரம் கொண்டு இழுத்ததாகப் படங்களுடன் செய்திகள் வெளிவந்தன. எல்லாச் சாதியினரும் ஒன்றாக வடம் பிடிப்பதைத் தவிர்ப்பதற்கே அவ்வாறு செய்யப்பட்டது என்ற கண்டனமும் எழுந்தது. அத்தேர் நகர்ந்தது, கலகம் எதுவும் நிகழவில்லை, திருவிழா அமைதியாகவே நிறைவுற்றது என்று ஒருவர் அறிக்கை எழுதவும் கூடும். அந்த அமைதி எவ்வகையானது என்பதை உணர்ந்துகொள்ள ‘நிலவிலே பேசுவோம்’ கதையைப் படித்தவருக்கு அதிக நேரம் செல்லாது.

பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயில்வோராகிய நாம், இப்படைப்புகளைத் தேர்வுக்குரிய பகுதியாக மட்டும் கற்று விடுவோமாயின், அவற்றையும் நிலவொளியில் இருத்திப் பேசி அனுப்பியவர்களாவோம். தேர் வடம் நீளமானது. அதனை ஒரு சாராரால் இழுக்கவியலாது என்பதாலேயே ஊர் கூடித் தேர் இழுக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஊரில் எவரும் விலக்கப்படாது அவ்வடத்தைப் பிடிக்கும் நாளையே சமாதானத்தின் முதல்நாள் என்று கொள்ளல் தகும்.